சர்க்கார் கொள்முதலில் சிறு உற்பத்தியாளரின் பங்கு

எண்ணெய்ச் செக்கு, நெல் அரவை யந்திரம், பருப்பு உடைக்கும் ஆலை, தென்னை நார்த் தொழில், வெல்லம் காய்ச்சுதல், கலப்பை முதலிய கருவிகள் செய்யும் பட்டறை ஆகியவற்றை விவசாயத்தோடு சேர்த்து நடத்திவருவோர் நமது கிராமங்களில் பலர் உண்டு. இவர்கள் தங்கள் சரக்கைத் தரகர் வசமாகவோ வாரச் சந்தையிலோ விற்றுத் தீர்ப்பதே வழக்கமாக இருந்துவருகிறது. ரயில்வே, இராணுவம், ஆஸ்பத்திரிகள், உணவுக் கழகம், சர்க்கார் சுரங்கங்கள், ஆலைகள் ஆகியவையும் வருடந்தோறும் ஏராளமான சரக்கு வாங்கும் கிராக்கிகளே என்பதை இவர்கள் நினைத்துப் பார்ப்பதில்லை. அந்தக் கொள்முதலில் ஒரு குறிப்பிட்ட பங்கு சிறிய உற்பத்தியாளருக்கென்றே ஒதுக்கப்பட்டிருக்கிறது என்பதும் அநேகருக்குத் தெரியாது.

ஒதுக்கப்பட்ட பங்கு தானாக வீடு தேடி வராது. உரியவர் வந்து கேளாவிட்டால் அது பிறருக்குப் போய்விடும்படியே விதியும் அமைந்திருக்கிறது. ஆகையால், அந்தப் பங்கு இன்னது, அதற்கு உரியவர் யார், அதைப் பெறும் முறை யாது, பெற்ற பின் பணத்தை வசூலிக்கும் வழி யாது என்பனவற்றை இங்கே சுருக்கமாக எடுத்துரைப்போம்.

பங்கு இன்னது

குறு, சிறு மற்றும் நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் வளர்ச்சிச் சட்டம் 2006-ஆம் வருடத்தில் ஏற்பட்டது. அச்சட்டத்தின்கீழ் மத்திய சர்க்கார் 2012-ஆம் வருடத்தில் ஒரு கொள்முதல் ஆணையைப் பிறப்பித்தது. மத்திய இலாகாக்களும் மத்திய சர்க்காருக்குச் சொந்தமான கம்பெனிகளும் தாங்கள் ஒரு வருடத்தில் வாங்கும் சரக்கிலும் பெறும் சேவைகளிலும் நூற்றுக்கு 20 பங்கைக் குறு, சிறு நிறுவனங்களிடமிருந்து வாங்கவேண்டுமென்று அந்த ஆணை கூறிற்று. 2015-ஆம் வருடம் ஏப்ரல் முதல் இது கட்டாயமாயிற்று. 2018-இல் செய்யப்பட்ட திருத்தத்தினால் இப்பங்கு நூற்றுக்கு 25 ஆக உயர்த்தப்பட்டது.

இந்த 25 பங்கினுள் 4 பங்கு பட்டியல் வகுப்பினருக்கும் பழங்குடியினருக்கும் சொந்தமான நிறுவனங்களுக்கும், 3 பங்கு பெண்களுக்குச் சொந்தமான நிறுவனங்களுக்கும் உரியவை. தவிர, 358 வகைச் சரக்குகளைக் குறு, சிறு நிறுவனங்களிடமிருந்து மட்டுமே வாங்கவேண்டும். கையால் இயக்கும் விவசாயக் கருவிகள், மாடு பூட்டி இயக்கும் கருவிகள், தென்னை நார், நார்க்கயிறு, துடைப்பம், ஊறுகாய் முதலியன அந்த ஜாபிதாவில் அடங்கும். கிராமத்தில் செய்யக்கூடிய சரக்குகள் இவற்றுள் எத்தனை என்பதை வாசகர்களே கண்டுகொள்ளலாம்.

பட்டியல் வகுப்பினர், பழங்குடியினர் ஆகியோருக்கான 4 பங்கைப்பற்றி ஒரு விஷயம் முக்கியமாகக் கவனிக்கற்பாலது. அவ்வகுப்பினருடைய நிறுவனங்கள் டெண்டரில் கலந்துகொள்ளாவிட்டாலும், டெண்டரின் நிபந்தனைகளையும் குறைந்த விலையையும் நிறைவேற்றாவிட்டாலும், அந்தப் பங்கை மற்றக் குறு, சிறு நிறுவனங்களிடமிருந்து நிரப்பிக்கொள்ளலாமென்று ஆணையே சொல்லுகிறது. அநேக வருடங்களில் இந்தப் பங்கு நிரம்பவே இல்லை. சரக்குச் செய்யத் தெரிந்தவர்கள் இல்லாததனால் மட்டும் இவ்வாறு நேருவதில்லை. பதிவுச் சான்றும், வகுப்புச் சான்றும், கணக்கும் கையில் ஒழுங்காக இல்லாததும் பெரியதொரு காரணமாகும்.

மதச் சிறுபான்மையினருக்கென்று இந்த ஆணையில் தனிப்பங்கு எதுவும் குறிக்கப்படவில்லை. ஆனால் முஸ்லிம், கிறிஸ்தவர் முதலிய எவர் நடத்தும் குறு, சிறு நிறுவனமும் பொதுவான 25 பங்கிற்கு உரியதே. முதலீட்டுக் கடனுக்கு 1994-இல் நிறுவப்பட்ட தேசியச் சிறுபான்மையினர் வளர்ச்சி நிதிக் கழகத்தின் திட்டங்களை அவர்கள் விசாரித்து அறிந்துகொள்வது நலம்.

உரியவர் யார்?

2025-ஆம் வருடம் ஏப்ரல் 1 முதல், யந்திர முதலீடு 2½ கோடி ரூபாய்க்கும் வருட விற்பனை 10 கோடி ரூபாய்க்கும் மேற்படாத நிறுவனம் குறு நிறுவனமாகும். முதலீடு 25 கோடிக்கும் விற்பனை 100 கோடிக்கும் மேற்படாதது சிறு நிறுவனமாகும். ஆகவே கிராமத்துச் செக்கும் பட்டறையும் மட்டுமன்றி, நல்ல அளவிலுள்ள அரவை ஆலைகளும் இதில் அடங்கும்.

விவசாயிகள் இரண்டு விஷயங்களில் மயக்கமடைதல் கூடாது. முதலாவது, நெல்லோ கரும்போ விளைவிப்பது மாத்திரம் இச்சட்டப்படி தொழில் நிறுவனம் ஆகாது. விளைபொருளைப் பதப்படுத்தி வேறு சரக்காக்கினால்தான் ஆகும். துவரை விளைவிப்பவர் விவசாயி. அதை உடைத்துப் பருப்பாக்கி மூட்டை கட்டுபவர் உற்பத்தியாளர். இரண்டாவது, பிறர் செய்த சரக்கை வாங்கி விற்கும் வியாபாரிக்கு இந்தக் கொள்முதல் அனுகூலம் இல்லை. வியாபாரிகளும் 2021 முதல் பதிவு செய்துகொள்ளலாம் என்றாலும், அது வங்கிக் கடனில் முன்னுரிமை பெறுவதற்கு மட்டுமே பயன்படும். சாலை போடுதல், கட்டடம் கட்டுதல் போன்ற வேலைக் கண்டிராக்டுகளும் இந்த ஆணையில் சேரமாட்டா.

பட்டியல் வகுப்பினர் அல்லது பழங்குடியினரின் நிறுவனம் என்று கருதப்படுவதற்கு, தனியொருவர் நடத்துவதாயின் அவர் அவ்வகுப்பினராக இருக்கவேண்டும். கூட்டு வியாபாரமாயின் நூற்றுக்கு 51 பங்குக்குக் குறையாமல் அவ்வகுப்புப் பங்காளிகளிடம் இருக்கவேண்டும். பிரைவேட் கம்பெனியாயின் அதை நிறுவிய அவ்வகுப்பினரிடம் அதே அளவு பங்கு இருக்கவேண்டும்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை அவசியமாகிறது. வேறொருவர் முதலும் லாபமும் தமதாக வைத்துக்கொண்டு, வேலையாள் ஒருவருடைய பெயரையோ வீட்டுப் பெண்களுடைய பெயரையோ இரவல் வாங்கிப் பதிவு செய்வது பொய்ச் சான்று அளிப்பதேயாகும். இத்தகைய செய்கைக்காக ஓர் இலாகா தன் கொள்முதலிலிருந்து ஒருவரை 2 வருடம் வரையில் விலக்கி வைக்கலாம். விலக்கப்படுவது பெயருக்கு உடையவரே. ஆகையால் தம் பெயரை இரவல் கேட்பவரிடம் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும்.

பதிவு

2020-ஆம் வருடம் ஜூலை 1 முதல் ‘உத்யம்’ என்னும் பதிவு முறை நடைமுறையில் இருக்கிறது. ஆதார் எண்ணும், வருமான வரி இலாகாவின் நிரந்தரக் கணக்கு எண்ணும் கொண்டு, சர்க்கார் வலைத்தளத்தில் தாமே விவரங்களை எழுதிப் பதிவு செய்துகொள்ளலாம். இதற்குக் கட்டணம் ஒரு காசும் கிடையாது. கட்டணம் கேட்கும் வலைத்தளங்களும் தரகர்களும் உண்டு, அவர்களை அணுகவேண்டியதில்லை. சந்தேகம் ஏற்பட்டால் மாவட்டத் தொழில் மையத்தில் விசாரிக்கலாம்.

பதிவை ஒத்திப்போடுவது பெருநஷ்டத்திற்கு இடமாகும். சரக்கை ஒப்படைத்த பின், பணம் வராதபோது பதிவு செய்துகொண்டு சட்டத்தின் பாதுகாப்பைக் கேட்டவர்கள் உண்டு. பிந்திய பதிவு முந்திய ஒப்பந்தத்திற்குப் பயன்படாது என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் கூறிற்று. ஆகையால் முதல் டெண்டருக்கு முன்பே பதிவு முடிந்திருக்கவேண்டும்.

அடுத்தபடியாக, ‘ஜெம்’ என்று சுருக்கமாக வழங்கும் அரசு மின்சந்தையில் விற்பனையாளராகச் சேரவேண்டும். 2016-இல் தொடங்கப்பட்ட இச்சந்தையில் கிடைக்கும் சரக்குகளையும் சேவைகளையும் மத்திய இலாகாக்கள் அதன் வழியாகவே வாங்கவேண்டுமென்று 2017-ஆம் வருடத்துப் பொது நிதி விதிகள் கூறுகின்றன. இதில் சேரும்போது உத்யம் எண்ணையும், வகுப்பு விவரத்தையும், பெண் உடைமை விவரத்தையும் தவறாமல் குறிக்கவேண்டும். குறிக்காதவரை அந்த அனுகூலத்திற்கு உரியவரென்று வாங்கும் அதிகாரி அறிய வழியில்லை.

உணவுப் பண்டமாயின் உணவுப் பாதுகாப்பு உரிமமும் வேண்டும். பல டெண்டர்களில் ‘அக்மார்க்’ முத்திரையும் கேட்கப்படும். 1937-ஆம் வருடத்து விவசாய விளைபொருள் தரம் பிரித்தல் சட்டத்தினால் ஏற்பட்ட இந்த முத்திரை, டெண்டருக்கு மட்டுமன்றி வெளிச்சந்தையிலும் நல்ல விலை பெற உதவும்.

டெண்டரைப் படித்தல்

மத்திய சர்க்கார் கம்பெனிகள் தாங்கள் வருடத்தில் வாங்கவிருக்கும் சரக்கின் திட்டத்தை முன்கூட்டியே தங்கள் வலைத்தளங்களில் வெளியிடவேண்டும் என்பது ஆணையின் ஒரு ஷரத்து. அறுவடைக்கு முன்பே விலை நிலவரம் விசாரிப்பதுபோல் இந்தத் திட்டத்தையும் முதலில் பார்க்கவேண்டும். தாம் செய்யும் சரக்கை எந்த இலாகா, எந்த மாதத்தில், எவ்வளவு வாங்குகிறது என்று அறிந்துகொண்டால், நூலோ நாரோ தானியமோ மலிவாக இருக்கும் காலத்தில் வாங்கி வைக்கலாம்.

டெண்டர் தஸ்தாவேஜு கிடைத்ததும் நான்கு ஷரத்துகளை முதலில் பார்த்தல் நலம். அவை, சரக்கின் தர விவரம், ஒப்படைக்கவேண்டிய இடமும் நாளும், பரிசோதனை செய்யும் விதம், பணம் கொடுக்கும் தவணை என்பன. மற்றவை எவ்வளவு அனுகூலமாக இருந்தாலும், இந்நான்கில் ஒன்று தம்மால் இயலாததாயின் அந்த டெண்டரை விட்டுவிடுவதே புத்தி.

டெண்டர் தஸ்தாவேஜு குறு, சிறு நிறுவனங்களுக்கு இலவசமாகக் கிடைக்கும். மற்றவர்கள் மதிப்பில் நூற்றுக்கு 2 முதல் 5 வரையில் கட்டவேண்டிய முன்பணமும் இவர்களுக்கு இல்லை. ஆனால் டெண்டர் கிடைத்த பின் கட்டவேண்டிய நிறைவேற்ற ஜாமீன் வேறு. அதற்கு விலக்கு இல்லை. அந்தத் தொகைக்கு வங்கி உத்தரவாதம் ஏற்பாடு செய்யாமல் டெண்டர் போட்டவர்கள் கடைசியில் சங்கடப்படுவார்கள். முன் அனுபவமும் முந்திய வருட விற்பனையும் கேட்கும் ஷரத்துகளைத் தளர்த்துவதற்கும் சர்க்கார் இடங்கொடுத்திருக்கிறது. ஆயினும் தரத்தில் தளர்வு கிடையாது.

விலை குறித்தல்

சிறு உற்பத்தியாளர் பெரிய ஆலையோடு விலையில் போட்டியிட முடியாது என்று பலர் நினைத்து ஒதுங்கிவிடுகிறார்கள். இதற்கு ஆணையிலேயே பரிகாரம் உண்டு. குறைந்த விலை குறித்தவர் பெரிய நிறுவனத்தாராக இருந்து, சிறு நிறுவனத்தார் குறித்த விலை அதற்குமேல் நூற்றுக்கு 15-க்குள் இருந்தால், அந்தக் குறைந்த விலைக்கு இறங்கிவரச் சம்மதிக்கும் சிறு நிறுவனத்தாருக்கு மொத்தச் சரக்கில் 25 பங்கு வரையில் கொடுக்கவேண்டும். இத்தகையோர் பலராயின் அப்பங்கு அவர்களுக்குள் விகிதப்படி பிரிக்கப்படும்.

ஓர் உதாரணத்தினால் இதனை விளக்குவோம். 400 குவிண்டால் துவரம் பருப்புக்கு டெண்டர் கேட்கப்படுவதாக வைத்துக்கொள்வோம். பெரிய ஆலையார் கிலோ 100 ரூபாய் என்றும், சிறு ஆலையார் 112 ரூபாய் என்றும் குறிக்கிறார்கள். 112 என்பது 115-க்கு உட்பட்டது. ஆகவே சிறு ஆலையார் 100 ரூபாய் விலைக்குச் சம்மதித்தால் 100 குவிண்டால் அவருக்குக் கிடைக்கும்.

சம்மதிக்கும் முன் அவர் தம் அடக்க விலையை நிச்சயமாக அறிந்திருக்கவேண்டும். அடக்கம் கிலோவுக்கு 95 ரூபாயாயின், 10,000 கிலோவுக்கு 50,000 ரூபாய் மிஞ்சும். அடக்கம் 104 ரூபாயாயின் 40,000 ரூபாய் கைநஷ்டம். இரண்டாவது நிலையில் இருப்பவர் டெண்டர் கிடைக்காமற் போவதை அதிர்ஷ்டமென்றே கருதவேண்டும். டெண்டரை வெல்வதற்காக நஷ்டத்திற்கு இறங்கி, பிறகு சரக்கின் தரத்தில் கை வைத்தவர்கள் அந்த ஒரு வருடத்து டெண்டரோடு முடிந்துபோவார்கள்.

அடக்கத்தில் வட்டியையும் சேர்க்கவேண்டும் என்பதைப் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள். 3,00,000 ரூபாய்க்கு நார்க்கயிறு ஒப்படைக்க ஒருவர் 2,40,000 ரூபாய் கைமுதல் போடவேண்டியிருக்கிறதென்று கொள்வோம். கயிறு திரிக்க 30 நாள், அனுப்பிப் பரிசோதிக்க 15 நாள், பணம் வர 45 நாள், ஆக 90 நாள் அந்த முதல் முடங்கிக் கிடக்கும். வருடத்திற்கு நூற்றுக்கு 12 வட்டிக்கு வாங்கிய கடனாயின், வட்டி மாத்திரம் ஏறக்குறைய 7,100 ரூபாய் ஆகும். லாரி வாடகை, ஏற்றுக்கூலி, மூட்டைச் செலவு, ஜாமீன் செலவு ஆகியவற்றோடு இத்தொகையையும் கூட்டியே விலை குறிக்கவேண்டும்.

ஒப்படைத்தலும் பணமும்

சரக்கை ஒப்படைத்த அன்றே ரசீது வாங்கவேண்டும். அதில் எடை, எண்ணிக்கை, தேதி, வாங்கிய அதிகாரியின் கையொப்பம் ஆகியவை இருக்கவேண்டும். மின்சந்தையில் விற்றதாயின், சரக்கைப் பெற்று ஏற்றதற்கான சான்றிதழை 10 நாட்களுக்குள் கொடுக்கவேண்டும் என்பதும், சான்றிதழ் கொடுத்த 10 நாட்களுக்குள் பணம் கொடுக்கவேண்டும் என்பதும் அச்சந்தையின் விதி.

மற்றவிதமான விற்பனைக்கு 2006-ஆம் வருடத்துச் சட்டமே பாதுகாப்பு. சரக்கு சேர்ந்த 15 நாட்களுக்குள் எழுத்துமூலம் ஆட்சேபம் தெரிவிக்கப்படாவிட்டால், அது ஏற்றுக்கொள்ளப்பட்டதாகவே கருதப்படும். அதன்பின், ஒப்பந்தத்தில் தவணை குறிக்கப்பட்டிருந்தால் அத்தவணைக்குள்ளும், குறிக்கப்படாவிட்டால் 15 நாட்களுக்குள்ளும் பணம் கொடுக்கவேண்டும். ஒப்பந்தத்தில் எவ்வளவு நீண்ட தவணை எழுதியிருந்தாலும் 45 நாட்களுக்கு மேற்பட்ட தவணை செல்லாது.

தவணை தவறினால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மும்மடங்கு வட்டி, மாதந்தோறும் முதலோடு கூட்டி, வாங்கியவர் கொடுக்கவேண்டும். வங்கி விகிதம் நூற்றுக்கு 6 என்று வைத்துக்கொண்டால், வட்டி வருடத்திற்கு 18, மாதத்திற்கு 1½ ஆகும். 2,00,000 ரூபாய் பாக்கி 6 மாதம் தாமதித்தால் வட்டி மட்டும் ஏறக்குறைய 18,690 ரூபாய். வாங்கியது சர்க்கார் ஸ்தாபனமாயினும் இந்த வட்டியிலிருந்து தப்ப முடியாது.

கேட்டும் பணம் வராவிட்டால், மாநிலந்தோறும் அமைக்கப்பட்டுள்ள குறு, சிறு நிறுவன வசதியாக்கக் குழுவிடம் மனுச் செய்துகொள்ளலாம். 2017 முதல் ‘சமாதான்’ என்னும் வலைத்தளத்தின் வழியாகவும் மனு அனுப்பலாம். குழு முதலில் சமரசம் செய்விக்கும். இயலாவிட்டால் மத்தியஸ்தத்தின் மூலம் தீர்ப்பளிக்கும். தொண்ணூறு நாட்களுக்குள் தீர்க்கவேண்டும் என்பது சட்டம். நடைமுறையில் தாமதம் உண்டு. ஆயினும் தீர்ப்பைத் தள்ளிவைக்கக் கோரி நீதிமன்றம் செல்லும் கிராக்கி, தீர்ப்புத் தொகையில் நூற்றுக்கு 75-ஐ முதலில் கட்டவேண்டுமென்று சட்டம் கூறுவதால், வீணாக வழக்கை நீட்டுவோர் குறைவு.

வட்டி கேட்டால் அடுத்த டெண்டர் கிடைக்காமற் போகுமோ என்ற அச்சத்தினால் பலர் வாய் திறப்பதில்லை. இவ்வச்சம் இயற்கையே. ஆயினும் தவணை முடிந்த மறுநாளே மரியாதையான ஒரு கடிதத்தில் ரசீது எண்ணையும் தேதியையும் குறித்து நினைவூட்டுவதில் யாருக்கும் மனஸ்தாபம் உண்டாகக் காரணமில்லை. அக்கடிதத்தின் நகலே பின்னால் பெரிய சாட்சியாகும்.

கிராம அதிகாரிகள் கவனத்திற்கு

பட்டியல் வகுப்பினருக்கு வகுப்புச் சான்று கொடுப்பவர் வட்டாட்சியர். பழங்குடியினருக்குக் கொடுப்பவர் கோட்டாட்சியர். ஆனால் கிராம நிர்வாக அலுவலரின் விசாரணை அறிக்கை தாமதித்தால் சான்றும் தாமதிக்கும். டெண்டருக்குக் குறித்த நாள் ஒருவருக்காகவும் காத்திராது. சில நாள் தாமதத்தினால் ஒரு குடும்பத்தின் முழு வருட வருமானம் கைவிட்டுப் போகலாம். பட்டறை இருக்கும் நிலத்தின் பட்டா நகல், உரிமம் ஆகியவற்றைப்பற்றியும் இதுவே.

பட்டியல் வகுப்பினருக்கும் பழங்குடியினருக்கும் உதவி செய்வதற்காக 2016-இல் தேசிய எஸ்.சி., எஸ்.டி. மையம் என்னும் திட்டம் தொடங்கப்பட்டது. 1955-இல் நிறுவப்பட்ட தேசியச் சிறு தொழில்கள் கழகம் அதை நடத்துகிறது. டெண்டர் எழுதும் பயிற்சி முதலியவற்றுக்கு அங்கே வழியுண்டு. இதனைத் தமது கிராமத்திலுள்ள கருமார், தச்சர், நார்த்தொழிலாளர் ஆகியோரின் செவியில் படும்படி சொல்லுவது அதிகாரிகளின் கடமையாகும்.

மாநில இலாகாக்களின் டெண்டர்களுக்கு மேற்கூறிய 2012-ஆம் வருடத்து ஆணை பொருந்தாது. தமிழ்நாட்டில் அவற்றை 1998-ஆம் வருடத்து ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைச் சட்டமும் 2000-ஆம் வருடத்து விதிகளும் நடத்துகின்றன. ஆனால் பணத்தவணையும் வட்டியும்பற்றிய 2006-ஆம் வருடத்துச் சட்டம் மாநில இலாகாக்களையும் கட்டுப்படுத்தும்.

முடிவாக, புதிதாகத் தொடங்குவோர் முதல் வருடத்தில் தம்மால் நஷ்டமின்றித் தாங்கக்கூடிய ஒரு சிறிய டெண்டரை மட்டும் எடுத்துக்கொண்டு, அதைக் குறித்த நாளில் குறித்த தரத்தில் ஒப்படைப்பதே உத்தமம். தம் உற்பத்தியில் பாதிக்கு மேல் ஒரே கிராக்கியை நம்பியிராமல், பழைய சந்தையையும் கைவிடாமல் வைத்துக்கொள்ளவேண்டும். பதிவுச் சான்று, வகுப்புச் சான்று, வரி எண், வங்கிக் கணக்கு, மூன்று வருடத்து வரவு செலவுக் கணக்கு ஆகிய ஐந்தையும் ஒரே கட்டாகக் கட்டி, அடுத்த அறுவடைக்குள் ஆயத்தமாக வைத்துக்கொள்பவர்கள், தமக்கென்று ஒதுக்கப்பட்ட பங்கைப் பிறருக்கு விட்டுக்கொடுக்கவேண்டிய அவசியம் நேராது.